சமத்துப் பிள்ளையின் தோள் அளவு

தையல் கடையில் அவளுக்குக் கூடாரம் என்று பெயர். தனக்கென்று தைத்துக்கொள்ளும் சட்டைகள் அப்படி. ஒருமுறை காற்று உள்ளே புகுந்து அவளைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போயிற்றாம். எதிர்க்கடை சலவைக்காரர் சத்தியமே செய்கிறார். வயது பதினேழு. வாசலில் வருகிறவரைப் பார்த்தாலே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். அளவு நாடாவால் யாரையும் தொடமாட்டாள். தன்னைத் தொடவும் விடமாட்டாள்.

பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பெண்ணுக்குக் காஜா என்றே பெயர். கூடாரத்துக்கு இருந்த ஒரே தோழி. கூடாரத்தின் பிறந்தநாளுக்கு அளவாக ஒரு சட்டை தைத்துக் கொடுக்கலாமென்று, பூனைபோலப் பின்னால் வந்து நாடாவை இடுப்பில் சுற்றினாள். கூடாரம் தள்ளிய வேகத்தில் துணிக்கட்டின்மேல் போய் விழுந்தாள்.

"பேயா பிடிச்சிருக்கு உனக்கு? ஒரு நிமிஷம் சமத்தா நின்னா என்னடி?"

சமத்து. கூடாரத்தின் முகம் வெளுத்துப்போயிற்று.

எட்டு வயதில், மாடிவீட்டு மாமாவிடம் கணக்குப் படிக்க அம்மா அனுப்புவாள்: "சமத்தா இருந்துட்டு வா." அந்த மாமா செய்யக்கூடாததைச் செய்துவிட்டு, கதவைத் திறக்கும்போது தலையைத் தடவி அதே சொல்லைச் சொல்வார். கத்தாததற்குக் கிடைத்த பாராட்டு. அன்றிலிருந்து, தன் உடம்பே தன் குற்றத்துக்குச் சாட்சி என்று அதை மூடிக்கொண்டு திரிகிறாள். யாராவது பிரியமாக நெருங்கினால் தள்ளிவிட்டு, அப்புறம் தனியாக அழுவாள்.

காஜா பையைத் தோளிலும் செருப்பைக் காலிலும் மாட்டினாள். "இனி நீயாச்சு, உன் சட்டையாச்சு."

இவளும் போய்விட்டால் பேச ஆளில்லை.

"நான் சமத்தா இருந்தேன்டி," என்றாள் கூடாரம், மெஷினைப் பார்த்தபடி. "மாடிவீட்டு மாமாகிட்ட. எட்டு வயசுல. கத்தவே இல்ல. அசிங்கமா இருக்கு."

காஜாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.

"அசிங்கம் அந்த ஆளுக்குடி. உனக்கு எதுக்கு?" குரல் இறங்கியது. "கேக்காம தொட்டது என் தப்பு. இந்தா நாடா, நீயே அளந்து சொல்லு. நான் சுவரைப் பார்த்துக்கறேன்."

கூடாரம் நாடாவைக் கையில் எடுத்தாள். ஊரையே கண்ணால் அளந்தவளுக்குத் தன் அளவு தெரியவில்லை. காதுவரை சூடேறியது.

"தோள் பதினாலு," என்றாள். "மத்தது முடியல."

"தோளை மட்டும் வெச்சு என்னத்தத் தைக்கிறது, சோளக்கொல்லை பொம்மைக்கா?" காஜா திரும்பவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாள். "சரி, சரி. மீதி, உனக்கு எப்போ முடியுதோ அப்போ சொல்லு."