காற்றுப் புகாத பெட்டி

விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறிய முதல் வருடம் எங்கள் விதைநெல்லில் பாதியை எலி தின்றது. சாக்கைக் கிழித்துத் தின்றது போதாதென்று மிச்சத்தில் மூத்திரமும் பெய்து வைத்திருந்தது. அந்த முறை பாதி வயலைத்தான் விதைத்தோம். இனி எலியிடம் தோற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். நான் எலியோடும் ரோசம் பார்க்கிற ஆள்.

முல்லைத்தீவுக் கடையொன்றில் வெறும் தேயிலைப் பெட்டிகள் கிடைத்தன. அவற்றைப் பிரித்து ஒரே பெரிய பெட்டியாகச் செய்யத் தொடங்கினேன். அந்த ஒட்டுப்பலகையின் விளிம்பில் ஆணி அடித்தால் பிளந்துவிடும். ஆகவே நான்கு மூலைக்கும் உள்ளே முதிரை மரச் சட்டம் நிறுத்தினேன். முதலில் துளை போட்டு, வச்சிரப் பசை காய்ச்சிப் பூசி, பலகையைச் சட்டத்தோடு திருகாணியால் முடுக்கினேன். பசை காயும்வரை கயிறு சுற்றி இறுக்கி வைத்தேன். மூடியின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டினேன். முடிந்ததும் மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன். பெட்டி முனகக்கூட இல்லை. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

மாசியில் அறுவடை. விதைநெல்லைக் காயப்போட்ட மறுநாளே மழை. பஞ்சாங்கப்படி விதை எடுத்துவைக்க நல்ல நாள் வியாழக்கிழமை. அதை விட்டால் அந்த மாதத்தில் வேறு நாள் இல்லை. மனைவி ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தாள்.

"இன்னும் ஈரம் கிடக்குதப்பா. ரெண்டு வெயில் காட்டிப்போட்டு வைப்பம். நாள் போனாப் போகட்டும்."

"நாள் பிழையாப் போனால் விளைச்சலும் பிழையாப் போகும். உமக்கென்ன தெரியும்? என்ரை பெட்டிக்குள்ளை எறும்பும் போகாது, பாரும்."

வியாழக்கிழமையே நெல்லைப் பெட்டியில் கொட்டி இறுக்கி மூடினேன். எறும்பு போகவில்லை. காற்றும் போகவில்லை. விதைக்கென்று வைத்ததை விதைக்கிற நாள்வரை திறப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். நானோ அந்த மூலைகளைத் தடவித் தடவிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மூடியைத் திறந்ததும் புளித்த நெடி முகத்தில் அடித்தது. நெல் பூஞ்சணம் பிடித்துக் கட்டி கட்டியாகக் கிடந்தது. நல்லதாகத் தெரிந்ததைப் பொறுக்கி ஊறவைத்து, ஈரச் சாக்கில் மூன்று நாள் மூடிவைத்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைப்புக்கு முன் விதைநெல்லை யாரும் கைமாற்றுக் கொடுக்கமாட்டார்கள். அது தெரிந்தும் மனைவி நாலு வீடு ஏறினாள். நான் வெட்கத்தில் வீட்டோடு கிடந்தேன். நான் சாகடித்த விதைக்காக அவள் கையேந்திவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெறி பிடித்தது. கோடாலியை எடுத்துப் பெட்டியைக் கொத்தினேன். பலகை கிழிந்தது. மூலைகள் அசையவில்லை. மூச்சு வாங்க நின்றேன்.

"மூலையெல்லாம் நல்லாத்தான் பூட்டியிருக்கிறியள்," என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "கோடாலியை வையுங்கோ. பக்கத்துக் காணிக்காரர் தங்கடை வயல் விதைக்க ஆள் கேட்டவை. ரெண்டு பேரும் வாறம் எண்டு சொல்லிப்போட்டன்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். எங்கள் வயலைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.