கண் எழுதும் நாளில் ஒரு ரொட்டி

கணபதி கண்டி நகரத்தில் கடைப் பலகை எழுதித்தான் தொழிலைத் தொடங்கினார். இப்போது தேயிலைத் தோட்டத்துக் கோயில்களின் சீமெந்துச் சிலைகளுக்கு வர்ணம் பூசுகிறார். பெரிய ஓவியர் என்று சொல்லிவிட முடியாது. விரல்களை எல்லாம் ஒரே தடிமனில் வரைவார். சேலை மடிப்புகள் தகரம்போல விறைத்து நிற்கும். கண்ணை மட்டும் நன்றாக எழுதுவார். அதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்கே வேலைக்குப் போனாலும் பகலுக்குத் தேங்காய் ரொட்டியும், மாசிக் கருவாடும் மிளகாயும் இடித்த கட்டச் சம்பலும்தான். கண் எழுதும் நாளில் மட்டும் அதுவும் இல்லை. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி. கருவிழி வைத்த பிறகே தண்ணீரும்.

ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டமொன்றில் மாரியம்மனுக்குக் கண் எழுதப் போன காலையில்தான் அந்தத் தவறு நடந்தது. சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய்க்கு டாக்டர் புதிதாகக் கொடுத்த மாத்திரை, சாப்பாட்டோடு போட வேண்டியது. மனைவி வடிவம்மா வழக்கம்போல எடுத்துக் கொடுத்தார். கணபதியும் வெறும் வயிற்றில் எச்சிலோடு விழுங்கிவிட்டார். மருந்தால் விரதம் கெடாது என்பது மட்டும்தான் இருவருக்கும் நினைவிருந்தது.

சிலையைச் சுற்றித் திரை கட்டியிருந்தார்கள். உள்ளே ஓவியர் மட்டும். வெளியே தோட்டமே கூடி நின்றது. பூசாரி குறித்த நல்ல நேரம் தொடங்கியதும் கணபதி தூரிகையை எடுத்தார். நெற்றி வியர்த்தது. தூரிகையின் நுனி ஆடியது. மணிக்கட்டை மறு கையால் பிடித்துப் பார்த்தார். இரண்டு கைகளும் சேர்ந்து ஆடின. மாறுகண் விழுந்தால் அது அவர் பெயரோடு அப்படியே நிற்கும். பிறகு எந்தக் கோயிலும் கூப்பிடாது.

திரைக்கு வெளியே, துணைக்கு வந்திருந்த வடிவம்மாவின் குரல் கேட்டது. "என்னாங்க, ஏன் இவ்ளோ நேரம்?"

"கை நிக்க மாட்டேங்குது புள்ள."

"அய்யோ, மாத்திர!" திரைக்கு அடியில் ஒரு பை நகர்ந்து வந்தது. "எனக்குக் கொண்டாந்த ரொட்டி இருக்கு. உள்ளயே தின்னுருங்க. யாரு பாக்கப் போறா?"

அம்மனின் விழிகள் இன்னும் வெறும் வெள்ளை. பார்க்கத் தொடங்காத ஒருத்தியிடம் எதை மறைப்பது? கேள்வி நியாயமானதுதான். கணபதி அதை யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. பையோடு வெளியே வந்து, கோயில் வாசலுக்கு அப்பால் படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார்.

கோயில் தலைவர் ராஜலிங்கம் ஓடி வந்தார். "அண்ணே, என்னா வேல இது? நேரம் போகுது!"

"சீனி எறங்கிருச்சு தலைவரே. திங்காம எழுதுனா ஆத்தா ஒரு கண்ணால ஒங்களப் பாப்பா, ஒரு கண்ணால பஸ்ஸப் பாப்பா."

"மாசி வாசம் வேற வருது!"

"சம்பல் எனக்கு. அவரு வெறும் ரொட்டிதான் திங்கிறாரு," என்றார் வடிவம்மா.

"வெரதம் முறிஞ்ச கை அம்மன் மேல படக் கூடாது. வேற ஆளக் கூப்புடுவோம்."

கொழுந்து பறிக்கும் ரத்தினம்மா சீனி அள்ளிப் போட்ட சாயத்தண்ணியோடு, பால் விடாத தேநீரோடு, வந்தார். "எந்த ஆள? நேரம் முடியறதுக்குள்ள பறந்து வருவானா? இல்ல நீங்களே எழுதுறீங்களா? நீங்க எழுதுன நோட்டீசையே இன்னும் யாரும் வாசிச்சு முடிக்கல."

கூட்டம் சிரித்தது. ராஜலிங்கம் சிரிக்கவில்லை. பூசாரியைப் பார்த்தார். பூசாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பீலியில தல முழுகிட்டு வரட்டும்," என்றார்.

மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து கணபதி ஈர வேட்டியோடு திரும்பியபோது நல்ல நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. பல் கிட்டியது. குளிரா, நோயா? எல்லோர் முன்னாலும் வலது கையை நீட்டினார். முதலில் ஆடியது. கை மெல்ல நின்றது.

திரைக்குள் போனார். மணி அடித்தது. திரை விலகியபோது அம்மன் நேராகப் பார்த்தாள். விரல்கள் வழக்கம்போலத் தடிமன்தான். கண்ணில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஓவியருக்குப் போர்த்தும் சால்வையை ராஜலிங்கம் கையில் எடுக்கவில்லை. பூசாரிதான் போர்த்தினார். அடுத்த சிலைக்கு அந்தத் தோட்டம் வேறு ஆளைப் பிடித்துவிட்டது.

இப்போதெல்லாம் கூப்பிடுகிறவர்களிடம் கணபதி முதலிலேயே சொல்லிவிடுகிறார்: "நான் சாப்புட்டுட்டுத்தான் கண்ணு எழுதுவேன். சம்மதமா?"

சிலர் போனை வைத்துவிடுகிறார்கள்.