பன்னிரண்டாவது கோப்பை

நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவ ஊரான கிரீலி ஹார்பரில் ஆண்டுதோறும் அக்டோபர் பத்தொன்பதாம் தேதி பிற்பகலில் அந்தக் கவிதையை முழுதாகச் சொல்வார்கள். நான்கு நான்கு வரியாக அறுபத்து நான்கு பாட்டுகள். 'ஆலிஸ் மே' என்ற பாய்மரக் கப்பல், வடக்கே லாப்ரடார் கடலில் மீன்பிடித்துத் திரும்பும் வழியில், ஊரின் அடுப்புப் புகை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாறையில் மோதி மூழ்கிய கதை. அது 1937. செத்தவர்களின் குடும்பத்தார் எழுந்து நின்று தங்கள் ஆளைப் பற்றிய பாட்டைச் சொல்ல வேண்டும். ஹிஸ்காக் வீட்டுப் பாட்டை ஹிஸ்காக்தான் சொல்லலாம், பார்டி வீட்டுப் பாட்டைப் பார்டிதான். ஒவ்வொருவர் கதை முடிந்ததும் மண்டபமே சேர்ந்து "பதினோரு பேர், பதினோரு பேர்" என்று முழங்கும். கடைசியில் கைதட்டல், மீன் கட்லெட், கருப்பஞ்சாற்றுப் பாகு ஊற்றிச் சுட்ட பன், தேநீர்.

கப்பலில் இறந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

பன்னிரண்டாவது ஆள் சமையற்காரர், நார்சிஸ் பென்வா. நியூஃபவுண்ட்லாந்தின் மேற்குக் கரையில், பிரெஞ்சு பேசும் ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். குன்றுக்கு அந்தப்பக்கம் வாடகை வீடு, மனைவி, நான்கு வயது மகள் தெல்பின். கவிதையை எழுதிய பள்ளி ஆசிரியர் அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய், அடுப்பருகே உட்கார்ந்து, செத்தவர்களைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார். குன்றுக்கு அந்தப்பக்கம் போகவில்லை. தெல்பினின் அம்மா அவரைத் தேடிப் போய்க் கேட்டபோது சொன்ன பதில் இது:

"அன்னிக்கு மழைம்மா. பாதையெல்லாம் சேறு. இப்ப எழுதி முடிச்சாச்சே! நடுவுல நாலு வரி சொருகினா மொத்தமும் ஆட்டம் கண்டுடும்."

கவிதை பள்ளிப் பாடமானது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீட்டுப் பாட்டைப் பிரித்துக் கொடுத்தார்கள். தெல்பினுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. "உனக்குத்தான் பாட்டே இல்லையே, நீ புத்தகத்தைப் பிடிச்சுக்க. யார் தப்பு விடறாங்கன்னு பாரு," என்றார் அதே ஆசிரியர். எட்டு வயதில் அறுபத்து நான்கும் அவளுக்கு மனப்பாடம். பதினெட்டு வயதில் மண்டபத் திரைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். மேடையில் நிற்பவர் திணறினால் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த ஸ்டூலில் நாற்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தாள்.

மற்ற நாட்களில் மீன் ஆலையில் காட் மீனின் முள்ளெடுக்கும் வேலை. கத்தியின் வேகத்துக்கு ஏற்ப அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தார்களாம். அந்தக் கவிதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், முப்பது வருடமாக. "பிடிச்சு சொன்னேன்னு நெனச்சியா? வாந்தி வர மாதிரி தானா வரும்," என்றாள் பின்னாளில் என்னிடம்.

1986இல், ஐம்பதாவது நினைவுநாளுக்கு ஒரு வருடம் முன்பு, விழாக் குழுவிடம் போனாள். கையில் தானே எழுதிய நான்கு வரி. தலைவி வினிஃப்ரெட் ஹிஸ்காக் பின்னிக்கொண்டிருந்த கையுறையைக் கீழே வைக்கவில்லை.

"கண்ணு, கவிதைன்னா கவிதைதான். அதுல நாம கை வைக்க முடியுமா?"

"எங்கப்பா செத்ததுல கை வச்சாச்சே, வின்னி."

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாத. உனக்கு ஒண்ணு விட்டா நாளைக்கு ஊர்ல இருக்கிறவன்லாம் ஆளுக்கொரு தாத்தாவைத் தூக்கிட்டு வருவான். இந்தா, பன் எடுத்துக்க."

பன்னை எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டாள்.

அடுத்த அக்டோபரில் மண்டபத்தில் நிற்க இடமில்லை. வளைகுடா முழுவதற்கும் வரும் வாரப் பத்திரிகைக்காக நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மடியில் டேப் ரிக்கார்டர். கேப்டனின் பேரன் கிளேட்டன் பார்டி எழுந்தார். பெட்ரோல் பங்க் நடத்துபவர், ஊரிலேயே பெரிய குரல். தாத்தாவைப் பற்றிய மூன்று பாட்டில் கடைசியான மூன்றாவது பாட்டு அவருக்கு ஒரு வருடமும் நினைவில் நின்றதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து வருவதைக் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, தானே எழுதியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்துவார். இது தெல்பினுக்குத் தெரியாதா?

மூன்றாவது பாட்டில் நின்றார். தெல்பின் அதை எடுத்துக் கொடுத்தாள், சொன்னார். அங்கே முடிந்திருக்க வேண்டும். அவள் நிறுத்தாமல் அடுத்த நான்கு வரியையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். கிளேட்டன் ஒவ்வொன்றாக மண்டபம் அதிரச் சொன்னார்:

அடுப்படியில் நின்றவன் நார்சிஸ் பென்வா,
அலை ஏறும்வரை தேநீர் கொதிக்க வைத்தான்;
பன்னிரண்டு கோப்பை கழுவி அடுக்கினான்,
பன்னிரண்டாவது அவனுடையது.

தெல்பின் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். யாராவது கத்துவார்கள், வினிஃப்ரெட் திரையைக் கிழித்துக்கொண்டு வருவாள், "யாரும்மா அந்த பென்வா?" என்று ஒரு குழந்தையாவது கேட்கும் என்று காத்திருந்தாள். அப்போது வெளியே வந்து சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள்.

"பதினோரு பேர், பதினோரு பேர்," என்றது மண்டபம்.

அடுத்த வீட்டுக்காரர் எழுந்தார். விழா முடிந்தது. கைதட்டினார்கள். கட்லெட் காலியாவதற்குள் வரிசையில் இடம்பிடிக்க ஓடினார்கள். வினிஃப்ரெட் திரைக்குப் பின்னால் தலையை நீட்டி, "இந்த வருஷம் ஒரு தப்பும் இல்லடி, நல்லா எடுத்துக் கொடுத்த," என்றாள்.

இதை தெல்பின் என்னிடம் சொன்னது எட்டு வருடம் கழித்து. காட் மீன்பிடிப்புக்குத் தடை வந்து ஆலை மூடிக்கிடந்தது. ஸ்டூலையும் அவள் விட்டுவிட்டாள். இப்போது பாட்டை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவளுடைய சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன். நம்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய டேப்பைத் தேடி எடுத்துப் போட்டேன். இருந்தது. முதலில் மெல்லிதாக ஒரு பெண் குரல், அதன்மேல் கிளேட்டனின் இடி. நான்கு வரியும்.

டேப்பை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனேன். கிளேட்டன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

"இதுல என்ன பேப்பர்காரரே? எங்க தாத்தா பாட்டுதானே?"

"இந்தக் கடைசி நாலு வரி கவிதையிலேயே கிடையாது."

"என்னப்பா சொல்ற, நான் சின்ன வயசுலேருந்து சொல்றேன், எனக்குத் தெரியாதா? எப்பவும் இருந்ததுதான்."

"போன வாரம் சொன்னீங்களா?"

"மொத்தமும் சொன்னேன். சீட்டைப் பார்த்து, ஒரு எழுத்து விடாம."

"அப்போ அந்தச் சமையற்காரர் பேரு என்ன?"

வெளியே ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. "கப்பல்ல சமையற்காரன்னு ஒருத்தன் இருந்திருப்பான்ல, அவன்தான்," என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் தெல்பினிடம் டேப்பைக் கொண்டுபோனேன். பத்திரிகையில் எழுதுகிறேன், பன்னிரண்டு பேர் என்று தலைப்பிலேயே போடுகிறேன் என்றேன். அவள் டேப்பைக் கேட்க விரும்பவில்லை. "அவன் குரல்ல எங்கப்பா பேரை இன்னொரு வாட்டி கேக்கணுமா?" என்றாள். பிறகு எழுந்து, கரண்டிகள் கிடந்த இழுப்பறையைத் திறந்து, பழுப்பேறிய ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

எங்கள் பத்திரிகையின் 1987 அக்டோபர் இதழ். கீழே என் பெயர். 'பதினோரு பேரின் கதையும் ஒரு சொல் பிசகாமல் அரங்கேறியது.'

"முன்வரிசையில உக்காந்திருந்த," என்றாள் தெல்பின். "திரை ஓட்டை வழியா உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். எழுதுறவனாச்சே, நீயாவது நிமிர்ந்து பார்ப்பேன்னு."

தேநீர் ஊற்றினாள், ஒரே ஒரு கோப்பையில். அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.