பம்ப் கேட்டேன், டப்பா மாறியது

போன வருடம் தவக்காலம் தொடங்கிய கிழமை, என் மகள் டிலக்சி மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தாள். வயது பதினைந்து. மூச்சு வாங்குகிறது, வாயில் பழுத்த பழ வாசம் அடிக்கிறது, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறாள். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்ற எனக்குச் செபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆண்டவரோடும் கோபம், பிள்ளையோடும் கோபம்.

நாங்கள் ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்தொழில் செய்யும் குடும்பம். கணவர் வலைக்குப் போவார். கரைக்கு வருகிற மீனையும் இறாலையும் தெரிந்தெடுத்து, ஐஸ் போட்டு, சந்தைக்கு அனுப்புவது என் வேலை. டிலக்சிக்குப் பதின்மூன்று வயதில் சீனி வருத்தம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை. குளிசை மாத்திரைக்கு அடங்காது, இன்சுலின் போட்டால்தான் உயிர். காலையும் மாலையும் ஊசி. ஒன்றரை வருடம் பெரிய கரைச்சல் இல்லை. அதன் பிறகு என்ன நடந்ததென்றே தெரியவில்லை, சீனி ஏறத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் இறங்கும். வீட்டுக்குக் கூட்டி வந்தால் பத்து நாளில் நானூறைத் தாண்டும். அதே மருந்து, அதே அளவு, அதே பிள்ளை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளை களவாக இனிப்புத் தின்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய பள்ளிக்கூடப் பையைக் கொட்டிப் பார்த்தேன். சினேகிதிகளிடம் விசாரித்தேன். ஒருநாள் கை நீட்டியும் விட்டேன். "நான் ஒண்டும் தின்னேல்லை அம்மா" என்றாள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல வந்துவிட்டு வெட்கத்தை ஒளிக்கக் கூடாது.

கனடாவில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் அழுதான். "அக்கா, இஞ்சை பிள்ளையளுக்கு இன்சுலின் பம்ப் பூட்டுகினம். இடுப்பிலை ஒரு சின்ன மெசின். அதுவே நாள் முழுக்க மருந்தைக் குடுக்கும். ஊசி ஊசியெண்டு குத்தத் தேவையில்லை. டொக்டரிட்டை ஒரு கடிதம் மட்டும் எடுத்து அனுப்பும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான். எனக்கு வானம் திறந்த மாதிரி இருந்தது. ஊசிதான் சரியில்லை, பம்ப் வந்தால் பிள்ளை பிழைப்பாள் என்று மனதில் ஊன்றிவிட்டது.

அன்றிலிருந்து மாதாவை நான் விடவில்லை. நான் கெஞ்சுகிற ஆள் இல்லை, சண்டை பிடிக்கிற ஆள். "தாயே, நீரும் பிள்ளை பெத்தனீர். உம்முடைய மகனிட்டைச் சொல்லி எனக்கு அந்தப் பம்பை வாங்கித் தாரும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்று ஒவ்வொரு நாளும் பூசை முடிந்தும் முழங்காலில் நிற்பேன். தவக்காலம் நாற்பது நாளும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்று நேர்த்தியும் வைத்தேன். மீன்காரிக்கு அது சின்ன நேர்த்தி இல்லை.

ஆனால் கிளினிக் டொக்டர் அம்மா இறங்கி வரவில்லை. "அவசரப்பட வேண்டாம், முதல்லை சீனி ஏன் ஏறுதெண்டு பாப்பம்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். எங்கள் ஊரில் உதவி கேட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. நல்ல இறாலாகக் கொடுத்தால் டொக்டரின் மனம் இளகும் என்று திட்டம் போட்டேன். கணவர் கிளினிக்குக்கு முதல் நாள் பின்னேரமே வெள்ளை இறால் தெரிந்தெடுத்து, பழைய ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் ஐஸோடு அடைத்து, மீன் வைக்கும், குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துவிட்டார். விடிய முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். செபமாலையை வாயில் சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டு, டப்பாவை எடுத்து, பையில் போட்டுக்கொண்டு மகளோடு ஓடினேன். யாழ்ப்பாணம் போய்ச் சேரும் வரைக்கும் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் இருந்தவர் சேலையை இழுத்துக்கொண்டு முறைத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் முறை வந்தது. டொக்டர் கொப்பியைப் புரட்டி, சீனி அளவுகளைப் பார்த்து, நெற்றியைச் சுருக்கினார். நான் டப்பாவை மேசையில் வைத்தேன்.

"இதெல்லாம் நாங்கள் வாங்கிறேல்லை அம்மா, கொண்டு போங்கோ."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ டொக்டர். எங்கடை கடல் இறால். ஒருக்காப் பாருங்கோ" என்று நானே மூடியைத் திறந்தேன்.

உள்ளே இறால் இல்லை. உப்புத் தூவிய ஐஸ் துண்டுகள். நடுவில், பொலித்தீனில் சுற்றிய இரண்டு சின்னப் போத்தல்கள். டிலக்சியின் இன்சுலின். மருந்து வைப்பதும் அதே பெட்டிக்குள், அதே மாதிரி ஒரு டப்பாவில்தான்; இருட்டில் மாறிவிட்டது. பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நான் அவசரமாக மூடியைத் தேடினேன்.

டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மெதுவாக உருட்டினார். தண்ணிப்பால் போல ஒரே சீராக இருக்க வேண்டிய மருந்து, திரைந்த பால் மாதிரி கட்டி கட்டியாகப் போத்தலில் ஒட்டி நின்றது. மற்றப் போத்தலில் மருந்தே ஐஸாகி இன்னும் உருகாமல் நின்றது.

"மருந்தை எங்கை வைக்கிறனீங்கள் எண்டு போன முறையும் கேட்டனான். நல்ல குளிரிலை எண்டு சொன்னனீங்களே?"

"ஓம் டொக்டர், நல்ல குளிர்தானே. பிறிட்ஜ் பழுதாப்போச்சு. அதுதான் மீன் வைக்கிற ஐஸுக்குள்ளை வைச்சனாங்கள். குளிர் நிக்கட்டுமெண்டு உப்பும் போட்டது. மருந்து கட்டியா நிண்டால் உள்ளங்கையிலை வைச்சு உருக்கிக் குத்துவம்" என்றேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் சொன்னேன். உப்புப் போட்ட ஐஸில் மீன் மூன்று நாள் நிற்கும். மருந்து மட்டும் ஏன் பழுதாகப் போகிறது?

"அம்மா, இன்சுலின் உறைஞ்சால் அது செத்த மருந்து. நீங்கள் இவ்வளவு நாளும் பிள்ளைக்கு வேலை செய்யாத மருந்தைத்தான் குத்தியிருக்கிறீங்கள்."

டொக்டர் புது மருந்து எடுப்பித்து அங்கேயே ஊசி போட்டு, எங்களை மத்தியானம் கழியும் வரை வைத்திருந்தார். சீனி படிப்படியாக இறங்கியது. பிறகு நான் கேட்காமலே பம்பைப் பற்றிப் பேசினார்.

"பம்ப் நல்ல சாமான்தான். நான் கூடாதெண்டு சொல்லேல்லை. ஆனால் அதுக்குள்ளை போறதும் இன்சுலின்தான். ஊசியிலை கனநேரம் நிண்டு வேலை செய்யிற மருந்தும் இருக்கு. பம்பிலை அது இல்லை, கெதியா முடியிற மருந்து மட்டும்தான். குழாய் அடைபட்டாலோ, மருந்து பழுதாயிருந்தாலோ, சில மணித்தியாலத்திலேயே பிள்ளைக்கு ஆபத்து. மாத்திற குழாயும் ஒவ்வொரு முறையும் கனடாவிலை இருந்து வரவேணும். அந்தப் பம்ப் உங்களுக்குப் போன மாதம் வந்திருந்தால், இதே ஐஸுக்குள்ளை வைச்ச மருந்தைத்தானே அதுக்குள்ளையும் விட்டிருப்பீங்கள்?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. நான் மன்றாடி மன்றாடிக் கேட்டது என் பிள்ளையின் சாவை. அதைத் தராமல் வைத்திருந்து, என் கையாலேயே டப்பாவை மாற்றி எடுக்க வைத்து, டொக்டரின் மேசையில் என் பிழையைத் திறந்து காட்டினார் ஆண்டவர். இருட்டில் என் கையைப் பிடித்தது யார்? தற்செயல் என்று யாரென்றாலும் சொல்லட்டும். அந்தப் பெட்டிக்குள் கையை விட்டவள் நான்தான். எனக்குத் தெரியும்.

ஊசியா, பம்பா என்று டொக்டர் டிலக்சியிடமே கேட்டார். "இப்ப எனக்கு ஊசியே காணும், பம்ப் வேண்டாம். பிறகு வேணுமெண்டால் யோசிப்பம்" என்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நோகுதே பிள்ளை?" என்று அவள் கையைத் தடவினேன்.

"ஊசி எனக்கு நோகிறேல்லை அம்மா. நீங்கள் என்னை நம்பாததுதான் நொந்தது."

பஸ் தரிப்பிடத்தில் அத்தனை பேருக்கு முன்னால் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அவள்தான் என் கண்ணைத் துடைத்தாள்.

இப்போது மருந்து ஈர மணல் போட்ட மண்பானைக்குள், டொக்டர் காட்டித் தந்தபடி இருக்கிறது. ஐஸ் பக்கம் போவதில்லை. ஒரு வருடமாக டிலக்சி வாட்டில் படுக்கவில்லை. கொப்பியில் அளவைத் தானே எழுதுகிறாள், நான் பையைக் கொட்டிப் பார்ப்பதில்லை. தம்பிக்கும் விசயத்தைச் சொன்னேன். "அக்கா, நான் எல்லோ அனுப்பப் பாத்தனான்" என்றான்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இதே மாதிரி ஒன்றைக் கேட்டுக் கேட்டுக் களைத்திருக்கலாம். கேளுங்கோ, விடாதேங்கோ. ஆனால் வழியையும் நீங்களே சொல்லிக் கொடுக்காதேங்கோ. டொக்டரிடம் ஒன்றையும் ஒளிக்காதேங்கோ, சின்ன விசயம் என்று விடவும் வேண்டாம்.

அந்த வருடம் பாஸ்குத் திருநாள் முடிந்த அடுத்த ஞாயிறு நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கப் பங்குத் தந்தையிடம் போனேன். என்ன கருத்துக்கு என்று எழுதுவதற்குப் பேனையை எடுத்தார்.

"கேட்டது கிடைக்காததுக்கு, பாதர்" என்றேன்.