பாயில் உட்கார்ந்த மேடம்

இப்போதெல்லாம் வகுப்பைப் பார்வையிட வருகிறவர்கள் கைப்பேசியில் நாலு கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு நாற்காலி போடும்போதெல்லாம், பேரணாம்பட்டுப் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் நாற்காலி வேண்டாமென்று பிள்ளைகளின் பாயில் உட்கார்ந்த ஆசிரியர் பயிற்றுநர் மேடம்தான் நினைவுக்கு வருகிறார். அப்படி ஒருவர் மறுபடி வரமாட்டாரா என்று ஏக்கமாக இருக்கிறது.

அன்றைக்கு ஏக்கமெல்லாம் இல்லை, எரிச்சல்தான். என்னைவிட ஆறு வயது சின்னவர். என் இரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை முழுதாகப் பார்த்தார். பாடக்குறிப்பில் சிவப்பு மையால் ஏதாவது கிறுக்குவார் என்று காத்திருந்தால், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டீச்சர், ஜன்னலோரம் உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணு கிளாஸ்ல பேசுமா?"

"வாயே தெறக்காது மேடம். கணக்கும் ஏறாது. மெல்லக் கற்போர் பட்டியல்ல அது பேரை எழுதிட்டேன். நாளைக்கு ஹெச்.எம். கிட்ட குடுக்கணும்."

"இன்டர்வல்ல பாத்தேன், புளியங்கொட்டைக்கு இன்னா சண்டை போடுது தெரியுமா! உனக்கு ஜாஸ்தி, எனக்குக் கம்மின்னு." சிரித்தார். "பட்டியலை ஒரு வாரம் கையிலயே வெச்சிருங்க. நான் எதுவும் சொல்லப் போறதில்ல. என்ன செஞ்சு பாக்கலாம்னு நீங்களே யோசிங்க. திரும்பி வர்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினேழு வருடம் பாடம் எடுத்தவளுக்கு வீட்டுப்பாடம்!

ஆனாலும் அடுத்த வாரம் அவர் பாயில் உட்கார்ந்ததும், மேசைமேல் புளியங்கொட்டையை இரண்டு குவியலாக வைத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"எது குறைவு?"

அவள் கொட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திருநெல்வேலிக்காரி. என் வாயில் வராத சொல்லை இழுத்து வரவழைத்தேன்.

"சரி, எது கம்மி?"

வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"கம்மின்னா திட்ட மாட்டீங்களா மிஸ்?"

"நான் எப்போ திட்டுனேன்?"

"இந்தக் கிளாஸ்ல சேந்த அன்னிக்குக் கம்மின்னேன். அது தமிழே இல்ல, உக்காருன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. எத்தனை பிள்ளைகளின் சொல்லைத் திருத்தியிருப்பேன், எதை என்று நினைவு வைத்துக்கொள்வது!

"தப்பு என்னுதுதான். மன்னிச்சிரும்மா. இப்போ சொல்லு," என்றேன்.

அவள் இடப்பக்கக் குவியலைத் தொட்டாள்.

"இது கம்மி மிஸ். அஞ்சு கம்மி."

எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான். ஏழு மாதமாக இந்தப் பெண் எத்தனை கணக்குக்கு விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தாளோ என்று நினைத்தபோது, பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.