ஆறாயிரத்து நூற்றுப் பத்தொன்பது பேர்

போன வாரம் வரைக்கும் எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், என் சான்றிதழ் உறைக்குக் கீழே, ஒரு பழைய கலண்டர் சுருண்டு கிடந்தது. ஹட்டனில் ஓர் இரும்புக் கடையில் கொடுத்தது. மேலே வேலோடு முருகன், கீழே மாதத் தாள்கள். வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் மட்டும் நீலப் பேனையால் எண்கள் எழுதியிருக்கும். ஏழாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் பால் கணக்கு என்றோ கொழுந்துக் கணக்கு என்றோ நினைப்பார்கள். அது ஆட்களின் கணக்கு. தொலைக்காட்சியில் வந்த ஒரு விண்வெளித் தொடரில், உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. எழுதியவர் என் அண்ணி. அதில் ஆகஸ்ட் மாதத் தாளில் இருக்கிற இரண்டு எண்கள் பொய். கையெழுத்து அண்ணியுடையது, பொய் என்னுடையது.

அண்ணி பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வாழ வந்தவர். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அண்ணன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். படுக்க ஒரு காம்பராவும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீட்டில், அம்மாவும் நானும் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருக்க, எட்டு மாதத்தில் புருஷனும் பெண்சாதியும் என்னத்தைப் பேசிவிட முடியும்? அண்ணன் போன புதிதில் அவர் கோல் எடுத்தால், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் சும்மா மூச்சுச் சத்தம் கேட்கும். பக்கத்தில் நிற்கிற எனக்கே சங்கடமாக இருக்கும்.

அப்போதுதான் அண்ணன் அந்தத் தொடரைக் கண்டுபிடித்தார். தமிழில் குரல் கொடுத்து வெள்ளிக்கிழமை தோறும் மாலை ஏழு மணிக்குப் போட்டார்கள். தங்கள் உலகம் பனியில் உறைந்துபோக, மிஞ்சிய சனமெல்லாம் ஒரே கப்பலில் ஏறி, வாழ ஓர் இடம் தேடி வானத்தில் அலைகிற கதை. ஒவ்வொரு வாரமும் கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துவிடும். நடுவில் வெள்ளையாக ஓர் எண் வரும். இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் இத்தனை பேர். மூன்று எண்ணுவதற்குள் மறைந்துவிடும். கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு. அண்ணன் தங்கியிருந்த இடத்திலும் அதே நேரம் அதே படம் தெரிந்தது. "நீயும் பாரு. அந்த எண்ணு வாறப்ப நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்று அண்ணியிடம் சொன்னாராம். எங்கள் அண்ணன் வாயிலிருந்து வந்த அதிகபட்ச காதல் வசனம் அதுதான். படம் முடிந்ததும் அவர் கோல் எடுப்பார். அவர் கேட்பதற்கு முன் அண்ணி எண்ணைச் சொல்ல வேண்டும். தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

அதன் பிறகு பேச்சுக்குப் பஞ்சமில்லை. அண்ணி அந்தக் கப்பல் சனத்தைச் சொந்த லயத்துச் சனமாகவே எடுத்துக்கொண்டார். நீளமான நடை, இரண்டு பக்கமும் அடுத்தடுத்துக் கதவுகள், ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். "நம்ம லயமேதான், தகரம் மட்டும் புதுசு" என்பார். திரையில் எண் வருவதை அவர் பெரட்டு என்றுதான் சொல்வார். காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிடுவார்களே, அது மாதிரி. எண் குறைந்த வாரங்களில் கலண்டருக்கு முன்னால் நின்று கழித்துப் பார்ப்பார். ஒருநாள் என்னிடம், "நாப்பது பேரு கொறைஞ்சிருக்கு தங்கச்சி. படத்துல காட்டுனது ரெண்டு சாவுதான். மத்தவங்களுக்கு யாரு அழுதா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அம்மாவோ, இல்லாத ஊர்ச் சனத்துக்கு இழவு எண்ணுகிற மருமகள் தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அண்ணிக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு வாரமாவது அந்த எண் கூட வேண்டும். கப்பலில் ஒரு பிள்ளையாவது பிறக்க வேண்டும். அண்ணன் லீவில் வந்ததும் தனக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்று அவர் வெளியே சொன்னதில்லை. ஆனால் இதை மட்டும் வாரா வாரம் சொல்லுவார்.

ஆனால் ஏழு மணிக்கு அண்ணி எங்கே உட்கார்ந்து படம் பார்ப்பது? பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கோயிலுக்குப் போன அம்மா திரும்புவதற்குள் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து வைக்க வேண்டும். அதனால் எண் வருகிற நேரம் நான்தான் டீவிக்கு முன்னால் இருந்து குசினிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். அண்ணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கலண்டரில் எழுதுவார். மிச்சக் கதையைப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வார். இதை மட்டும் அவர் அண்ணனிடம் சொல்லவில்லை. தானே பார்த்ததாகத்தான் சொன்னார். பாவம், புருஷனை ஏமாற்ற வேண்டும் என்றா? தன்னோடு சேர்ந்து பார்க்கிறாள் என்று அங்கே ஒரு மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிற சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்புக்கென்று அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பிய போன் என் கையில் இருந்தது. அந்தப் போனில் நான் படித்ததைவிட, நோர்வூட்டில் டியூஷனுக்கு வந்த ஒரு பையனோடு பேசியதுதான் அதிகம். எங்கள் லயத்தில் சிக்னல் பிடிக்கிற ஒரே இடம் தண்ணீர் எடுக்கிற பீலியடி, அண்ணனோடு பேச அண்ணியும் அங்கேதான் போவார். அவன் ஏழு மணிக்குத்தான் தோதாகப் பேசுவான். ஆடி மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு வெள்ளிக்கிழமை எனக்கு வசதியாக அமைந்தது. அம்மா கோயிலில். அண்ணி கோயிலுக்குக் கொடுக்கிற கடலையை அவித்துக்கொண்டு அடுப்படியை விட்டு அசைய முடியாத நிலையில். நான் டீவியைச் சத்தமாக வைத்துவிட்டு, முன் கதவால் நழுவிப் பீலிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது படம் பாதி ஓடியிருந்தது. குசினியிலிருந்து அண்ணி, எத்தனை தங்கச்சி என்று கேட்டார். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. முந்தின வாரம் ஆறாயிரத்து நூற்றுப் பதினெட்டு. எப்போதும் குறையத்தானே செய்கிறது? பதினான்கைக் கழித்து ஆறாயிரத்து நூற்று நான்கு என்றேன். அண்ணி "ஐயோ" என்று சொல்லிக்கொண்டே வந்து எழுதினார். அடுத்த வெள்ளியும் அதே கூத்து. நான் சொன்ன பொய்யிலிருந்தே இன்னும் கொஞ்சம் கழித்து இன்னொரு பொய். கெட்டிக்காரி என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டேன்.

அந்த முதல் வெள்ளிக்கிழமைதான் கப்பலில் ஒரு பிள்ளை பிறந்தது. கதை தொடங்கியதுமே பிறந்ததாம். திரை கறுத்து எண் வந்தபோது ஆறாயிரத்து நூற்றுப் பத்தொன்பது. முழுத் தொடரிலும் அதுவரை எண் கூடிய வாரம் அது ஒன்றுதான். அண்ணன் அங்கே கட்டிலிலிருந்து துள்ளி எழும்பியிருக்கிறார். அண்ணியின் குரலைக் கேட்க அந்த ஒரு மணி நேரம் எப்படிக் காத்திருந்திருப்பார்! கோல் எடுத்ததும், பொறுக்க முடியாமல் அவரே முந்திக்கொண்டு, கூடியதா குறைந்ததா என்று கேட்டிருக்கிறார். குறைந்துவிட்டது, பதினாலு பேர் போய்விட்டார்கள் என்று அண்ணி வருத்தமாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் போனை வைத்துவிட்டார். ஒரு வாரம் மனதுக்குள் வைத்துப் புழுங்கி, அடுத்த வெள்ளி மறுபடி கேட்டுப் பார்த்தார். அதுவும் தப்பு. பிறகு அவர் கேட்ட கேள்வி வேறு. ரெண்டு வெள்ளிக்கிழமையும் ஏழு மணிக்கு நீ எங்கே போயிருந்தாய்?

அண்ணி அப்போது உண்மையைச் சொல்லிவிட்டார், குசினியில் இருந்தேன், தங்கச்சிதான் பார்த்துச் சொன்னாள் என்று. வீட்டுக்குள் இருந்த என்னைக் கூப்பிட்டு, பீலியடியில் போனை என் பக்கம் நீட்டினார். அண்ணன் முகம் திரையில் ஒரு பக்கமாகத் தெரிந்தது.

"படம் பாத்தியா பாப்பா?"

"பாத்தேண்ணே."

"போன வாரம் எத்தனை வந்துச்சு? ஆறாயிரத்து நூத்திப் பத்தொம்பதுதானே?"

ஒத்துக்கொண்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பார்க்கவில்லை என்றால் எங்கே இருந்தாய் என்று கேட்பார். பீலி, போன், பையன், எல்லாம் வெளியே வரும். போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள். "ஆமாண்ணே, அதான் வந்துச்சு" என்றேன். சொன்ன பிறகுதான், அண்ணியைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. அண்ணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் விடவில்லை. அந்த நேரம் அண்ணி வீட்டில் இருந்தாளா என்று கேட்டார். இருந்தாங்க என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் வீட்டில் இல்லாததால் என் நாக்கு தடுமாறியது.

"இருந்தாங்கன்னு நெனைக்கிறேன்."

நெனைக்கிறேன். ஒரு குடும்பத்தைப் பிரிக்க அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அண்ணி போனை வாங்கவில்லை. என் கையிலேயே விட்டுவிட்டு, பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே ஏறிப் போனார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "நீ பாத்துத்தானே சொன்ன தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். அடுப்பில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பாத்துத்தான் சொன்னேன் அண்ணி என்றேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக் கோல் வரவில்லை. மற்ற நாட்களில் வந்ததும் அம்மாவின் போனுக்குத்தான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அண்ணி ஒரு சூட்கேசோடு தன் அம்மா வீட்டுக்குப் போனார். அண்ணன் லீவில் வந்தபோது பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சந்தேகப்பட்ட மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அண்ணி வர மறுத்துவிட்டார். அண்ணன் திரும்பவும் கூப்பிடவில்லை. இப்போது அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், தீபாவளிக்கு மட்டும் வருவார். இருவருமே மறு கல்யாணம் செய்யவில்லை. என் படிப்பு நிற்கவில்லை, நான் டீச்சராகிவிட்டேன். அந்தப் பையன் பரீட்சை முடிந்த மாதமே பேச்சை நிறுத்திவிட்டான். மண்ணாங்கட்டி, அவன் முகம்கூட இப்போது எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

போன மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அண்ணியைக் கண்டேன். பொகவந்தலாவை பஸ்ஸுக்குப் பக்கத்தில், மரக்கறிப் பையோடு நின்றார். ஒளிந்துகொள்ளலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். டீச்சராமே என்று சந்தோஷமாகக் கேட்டார். அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை. பஸ் இன்ஜினைப் போட்டதும் ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "அந்தக் கப்பல் கதை முடிஞ்சிருச்சாமே? எங்க வீட்டுல டிஷ் இல்ல. கடைசில எத்தனை பேரு மிஞ்சுனாங்க?" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஓர் எண் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் சந்தோஷப்படுகிற மாதிரி ஒரு பெரிய எண். அப்படியே விழுங்கினேன்.

"தெரியாது அண்ணி. நான் பாக்கல."

பஸ் பக்கம் திரும்பியவர் மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"அந்த ரெண்டு வெள்ளிக்கிழமையும்?"

"அதையும் பாக்கல. பீலிக்குப் போயிருந்தேன்."

மரக்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்த ஒரு வார்த்தைய அன்னிக்குச் சொல்லியிருந்தா போதும் தங்கச்சி" என்றார். பிறகு பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பஸ் திரும்பும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன், அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

அண்ணி வீட்டை விட்டுப் போன அன்றைக்கு, பழைய தாளெல்லாம் அடுப்பு மூட்ட ஆகும் என்று அம்மா எடுத்து வைத்ததில் இருந்துதான் இந்தக் கலண்டரை உருவி ஒளித்து வைத்தேன். போன வாரம் அதை வெளியே எடுத்து, முன்பு தொங்கிய அதே ஆணியில் மாட்டினேன். பழைய கலண்டரை மாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா சத்தம் போடுகிறார். போடட்டும். ஆகஸ்ட் மாதத் தாளை மேலே வைத்திருக்கிறேன். முதல் பொய்க்குக் கீழே, கூடிய அந்த ஓர் உயிரையும் சேர்த்து, ஆறாயிரத்து நூற்றுப் பத்தொன்பது என்று எழுதினேன். பிறகு இரண்டு கட்டங்களிலும் சிவப்புப் பேனையால் என் கையெழுத்தில், "நான் பார்க்கவில்லை" என்று எழுதி, என் பெயரையும் போட்டிருக்கிறேன். தீபாவளிக்கு அண்ணன் சனிக்கிழமை வருகிறார்.