அந்த வாரம் அப்பா நோர்வேயில்தான் இருந்தார்

அப்பாவின் டேப்லெட்டில் வி.பி.என் போட்டுக் கொடுத்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யார் இந்தக் கதையை எடுத்தாலும் அந்த இடம் வரும்போது என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் மேலே சொல்வார்கள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு அக்கா, எனக்கு மாமி. சண்டைக் காலத்தில் மாமி படகேறி இந்தியாவுக்குப் போய்த் திருச்சியிலேயே தங்கிவிட்டார். அப்பா ஒஸ்லோவுக்கு வந்தார். தொலைபேசியில் நலம் விசாரித்து முடிந்ததும் இருவருக்கும் பேச்சு வற்றிவிடும். பிறகு மாமி தான் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிச் சொல்வார், அப்பா ஒன்றும் விளங்காமல் ஓம் ஓம் என்பார். அந்தத் தொடர் ஓடும் செயலி இந்தியாவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். அதற்காகத்தான் வி.பி.என். அப்பா ஒஸ்லோவில், புருசெத்தில் எங்கள் வீட்டுச் சோபாவில் இருப்பார், செயலியோ அவர் இந்தியாவில் இருப்பதாக நம்பும். அவர் ஒவ்வொரு முறையும் எதையாவது அழுத்தித் தடுமாறக் கூடாதே என்று, டேப்லெட்டைத் திறந்தவுடன் தானாகவே இந்தியாவோடு இணையும்படி செய்துவைத்தேன். அன்றைக்கு என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை.

திருச்சியில் இரவு ஒன்பது மணி என்றால் பனிக்காலத்தில் எங்களுக்குப் பின்னேரம் நாலரை. விளம்பரம் வந்ததும் மாமி அழைப்பார்.

"பாத்தியே தம்பி, அவள் செய்த வேலையை?"

"ஓமக்கா. அவளுக்கு நல்லா வேணும்."

அடுத்த பாகம் தொடங்கும்வரை இருவரும் சிரிப்பார்கள். அப்பாவுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தை மாதத்தில் மாமி இறந்துபோனார். மாரடைப்பு. துபாயில் இருக்கும் மகன் வந்து சேரவேண்டும் என்று தகனத்தை மூன்றாம் நாளுக்கு வைத்திருந்தார்கள். அப்பா போய்ச் சேர அது போதும்.

"டிக்கெட் பாக்கட்டே அப்பா?" என்று கேட்டேன்.

அப்பா லில்லெஸ்ட்ரோமில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போனவர். அப்போது அரச உதவிப்பணத்தில் இருந்தார். இரண்டு கிழமைக்கு ஒரு முறை 'மெல்டகோர்ட்' என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். வெளிநாடு போவதென்றால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும்.

"முதுகு ஏலாது எண்டவன் பிளேன் ஏறுறான் எண்டு நினைப்பினம். கேக்கவும் வேண்டாம், போகவும் வேண்டாம் பிள்ளை."

நான் வற்புறுத்தவில்லை. கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. காணொளியில் பார்க்கவும் அவர் மறுத்துவிட்டார். தகனத்தன்று காலையில் பிசியோதெரபிக்குப் போனார், திரும்பி வந்து குளித்தார், பேசாமல் சாப்பிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இது என்ன கல்நெஞ்சு என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது.

மாசியில் உதவிப்பணம் தரும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் படிவங்கள் இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அப்பா படிவத்தை அனுப்புவதும் அதே டேப்லெட்டில்தான். வி.பி.என் நாடகத்தையும் படிவத்தையும் பிரித்துப் பார்க்கவா போகிறது? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அப்பாவின் மடியில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் கடிதத்தை என்னை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பதில் சொல்லிச் சொல்லித்தான் அவர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர். இங்கே அதை மரியாதையாக, கையொப்பம் வைத்துக் கேட்டிருந்தார்கள். உதவிப்பணம் நிற்பதைவிடப் பொய்யன் என்று ஆகிவிடுவதுதான் அவரை வாட்டியது.

நான் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். வி.பி.என் என்றால் என்ன, எதற்காகப் போட்டோம், போட்டது யார், எல்லாம் எழுதினேன்.

"அக்கா செத்ததை மட்டும் எழுதாதை," என்றார் அப்பா. "அதைக் கண்டா, போனவன்தான் எண்டு முடிவே கட்டிடுவினம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இங்கேதான் இருந்தார் என்பதற்குச் சான்று வேண்டுமே. பிசியோதெரபி நிலையத்தில் அவருடைய வருகைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கினோம். தகனம் நடந்த தேதிக்கு எதிரே சிகிச்சையாளர் இரண்டு வரி எழுதியிருந்தார்: 'நோயாளி பயிற்சியின்போது நீண்ட நேரம் அழுதார். முதுகு வலியால் அல்ல என்றார். காரணம் சொல்லவில்லை.'

அதை நான் அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்துவிட்டேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்நெஞ்சு என்று நினைத்ததற்காக எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இதையும் அனுப்ப வேணுமே?" என்று கேட்டார்.

"இதுதான் அப்பா சான்று."

"அப்ப அக்காவையும் எழுது," என்றார்.

எழுதினேன். ஆறு கிழமை காத்திருந்தோம். டேப்லெட்டிலிருந்து வி.பி.என்னை நான் எடுத்துவிட்டிருந்தேன். அந்த நாடகத்தை அப்பா மாமி இறந்த நாளிலிருந்தே பார்க்கவில்லை.

பதில் சிறியது. விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, குறிப்பிட்ட நாட்களில் அவர் நோர்வேயில் இருந்தார் என்பதை உறுதிப்படுத்துகிறோம் என்று எழுதியிருந்தது. கீழே, சகோதரியின் மறைவுக்கு ஓர் அனுதாபம். இப்படியான இறப்பு நேரங்களில் வெளிநாடு போக அனுமதி கேட்கலாம், உடனடியாகப் பார்த்து முடிவு தருவோம் என்றும் இருந்தது. அந்தக் கடைசி வரியை நான் வாசிக்காமல் விட்டிருக்கலாம். வாசித்துவிட்டேன்.

"கேட்டிருந்தா விட்டிருப்பினமோ?"

"ஓம் அப்பா."

தலையை ஆட்டினார். கடிதத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னார். அச்சடித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, முதல் வரியை நோர்வேஜிய மொழியில் தானே மெதுவாக வாசித்தார்.

"அக்காவை எரிச்ச அண்டைக்கு நான் இஞ்சைதான் இருந்தனான் எண்டு எழுதித் தந்திருக்கினம்," என்றார். "இனி ஒருத்தரும் நான் போனனான் எண்டு சொல்ல ஏலாது."